பச்சை ரிப்பன் கட்டிய வயல்கள்

ஜூன் 4, புதன்

எட்டு ரெக்கார்டருக்கும் பேட்டரி மாற்றினேன். மொத்தம் முப்பத்திரண்டு செல். கழற்றிய பழைய செல்களை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் இன்னும் சார்ஜ் இருக்கிறது. தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

இந்த நோட்டு என் மனைவி வினோதினி வாங்கியது. முதல் நான்கு பக்கங்களில் அவள் கையெழுத்து. அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்த ஜோசப் சார், "தினமும் என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க மோகன். பின்னாடி அறிக்கை எழுத உதவும்" என்று போனில் சொன்னார். அதனால் ஐந்தாம் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

இடம்: மணக்காட்டுப்புதூர். ஆனைமலைப் பக்கம், ஆழியாற்றுப் பாசனத்து நெல் வயல்கள். போன வருடம் வினு இங்கே எட்டு இடங்களில் மூங்கில் குச்சி நட்டு ரெக்கார்டர் கட்டி, இரவு முழுக்கத் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்தாள். இந்த வருடமும் அதே இடம், அதே நாட்கள். ஒப்பிட்டுப் பார்த்து ஜூலை 20க்குள் அறிக்கை தர வேண்டும். இரண்டு வருடமும் தவளை நிறைய இருக்கிறது என்று காட்டினால், பெரிய மஞ்சள் தவளைகளைக் கறிக்காகப் பிடித்துப் போகிறவர்களைத் தடுக்க வனத்துறை இங்கே காவலுக்கு ஆள் போடும். அதற்காகத்தான் அவள் இரண்டு வருடத் திட்டம் எழுதினாள். நவம்பரோடு அவள் பங்கு நின்றுவிட்டது. மிச்சத்தை நான் செய்கிறேன்.

நான் காற்றாலை டெக்னீஷியன். தவளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும்போது அவள் சொன்னதில் காதில் விழுந்தது மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

வெள்ளிங்கிரி அண்ணன் வந்தார். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆள். போன வருடம் வினுவுக்கு வழி காட்டியவர். எந்த வரப்பில் கால் புதையும், எதில் பாம்பு கிடக்கும் என்றெல்லாம் அவருக்குத் தெரிகிறது. சைக்கிள் கைப்பிடியில் தலையில் கட்டும் டார்ச் தொங்கியது. கேரியரில் மடித்த சாக்கு. பகலில் எதற்கு டார்ச் என்று கேட்டேன். "கெடக்கட்டுமுங்க" என்றார்.

வினுவின் பையில் சிவப்பு ரிப்பன் சுருள் ஒன்று இருந்தது. அவள் நோட்டில் ஒரு இடத்தில், "ரிப்பன் கட்டியாச்சு: 2, 5, 7, 8" என்று இருக்கிறது. எதற்குக் கட்டினாள் என்று எங்கேயும் இல்லை. மூன்று முறை தேடினேன்.

எனக்குத் தெரிந்த முறையில் செய்யலாம் என்று பொள்ளாச்சி போய் ஒரு பச்சைச் சுருளும் வாங்கி வந்தேன். காற்றாலைப் பேனலில் நன்றாக ஓடும் எந்திரத்துக்குப் பச்சை விளக்கு, நின்றுபோனதற்குச் சிவப்பு. அதே மாதிரி, நன்றாகச் சத்தம் பதிவாகும் வயலுக்குப் பச்சை. பதிவாகாத வயலுக்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் நான் போய்க் கருவியைச் சோதிக்க வேண்டும்.

வெள்ளிங்கிரி அண்ணன் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இந்த வருசம் ரெண்டு கலருங்களா?"

"ஆமாண்ணா. பச்சைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அம்மணி சொன்னதுங்களா?"

"அவ வேலையத்தான் செய்யறேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "செரிங்க" என்றார்.

ஜூன் 9, திங்கள்

வெயில். பதிவில் ஒன்றுமில்லை. காற்றாலையிலிருந்து சூப்பர்வைசர் பேசினார். காற்று சீசன், எப்போது வருவாய் என்றார். ஜூலை என்றேன். அம்மாவும் அதையே கேட்டாள். அவளிடமும் ஜூலை என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று சாயங்காலம் நான்கு மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் கார்டுகளைக் கழற்றி வந்து ஹெட்போனில் கேட்டேன்.

நான்கு இடங்களில் காதைப் பிய்க்கும் சத்தம். ஏழாம் வயலில் ஒலி அளவுக் கோடு மேல் விளிம்பில் முட்டித் தட்டையாகிவிட்டது. கனமான ஒரு இரும்புக் கதவைத் திரும்பத் திரும்ப இழுப்பதுபோல. முதல் பெருமழைக்கு ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும், தாடைக்குக் கீழே இரண்டு நீலப் பை உப்பும் என்று வினு சொல்லியிருக்கிறாள். இரண்டு மூன்று நாள்தான் இந்தக் கூட்டம், அதற்குள் முட்டை இட்டுவிடும், அப்போது கையால் எடுத்தால்கூட ஓடாது என்றும் சொன்னாள். நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

2, 5, 7, 8 பச்சை. 1, 3, 4, 6 சிவப்பு. மதியத்துக்குள் எட்டும் கட்டி முடித்தேன். வினுவின் நோட்டில் இருந்ததும் இதே நான்கு எண்கள். முறை சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வெள்ளிங்கிரி அண்ணனின் மனைவி சரசக்கா தூக்குப்போசியில் சோறும் கொள்ளுப் பருப்பும் கொண்டுவந்தார். நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

"ராத்திரி கத்துன தவளைய பகல்ல ஒக்காந்து கேக்கற ஆளு இந்த ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதானுங்க தம்பி."

"அவளும் இப்படித்தானே கேட்டா."

"அம்மணி ராத்திரியே போயி கேக்கும். தண்ணிக்குள்ள முட்டி அளவு நின்னு. கால்ல புண்ணு இருக்குது, எறங்காதீங்கன்னு ஐப்பசில நானே சொன்னேன். கேட்டாத்தான. மகராசி போய்ச் சேந்துட்டா." போசியைத் திறந்து தட்டில் கொட்டினார். "தின்னுங்க. நீங்க எளச்சா நாங்க யாருக்குப் பதில் சொல்றது."

சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். போடவே மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாம் வயலில் சத்தம் இல்லை. மைக் முகப்பில் சேறு. துடைத்தேன். மைக்கை மாற்றினேன்.

ஜூன் 18, புதன்

எட்டாம் வயலிலும் இல்லை. பேட்டரி 6.1 வோல்ட். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

இரண்டாம் வயல் ரெக்கார்டரை ஏழில் கட்டினேன். ஏழாம் வயல் ரெக்கார்டரை இரண்டில் கட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

ஏழு கத்துகிறது. இரண்டு கத்தவில்லை. அப்படியானால் கோளாறு கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. முட்டை இட்டதும் கூட்டம் கலைவது சரிதான், ஆனால் போன வருடம் ஜூன் 20இல் இரண்டாம் வயலில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது சத்தம் இருந்திருக்கிறது. இப்போது பூஜ்யம். நாற்பதிலிருந்து பூஜ்யத்துக்கு ஒரு எந்திரம் வந்தால், யாரோ ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளிங்கிரி அண்ணனைக் கேட்டேன். தூக்கக் கண்ணோடு இருந்தார். சட்டையில் சேற்று வாடை. "எங்க போச்சுன்னு நீங்க கேக்கறீங்களாக்கும்" என்றார். கேலி மாதிரி இருந்தது. அல்லது நான் ஏதோ சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்த மாதிரி. எனக்குப் புரியவில்லை.

மருந்து அடித்திருக்கலாம். விசாரிக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

யாரும் மருந்து அடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஐந்தாம் வயல், நேற்றிரவுப் பதிவு. பத்து நாற்பதுக்கு எல்லாத் தவளையும் ஒரே நொடியில் நிறுத்துகின்றன. பிறகு தண்ணீரில் கால் இழுபடும் சத்தம். பிறகு பேச்சு. கேட்டபடியே எழுதுகிறேன்.

"வெளிச்சத்த கண்ணுக்கு நேரா புடி. அசையாது."

"ஏப்பா, இதுல எறங்கலாமா? போன வருசம் இந்த வரப்புல கால வெக்கவே உடலியே நீயி."

"அது செகப்பு. இப்பப் பச்ச கட்டிருக்குது பாரு. அம்மணி வீட்டுக்காரரே கட்டுனது. பச்சைன்னா நல்லா இருக்குதுன்னாரு."

"நல்லா இருக்குதுன்னா?"

"புடிச்சுக்கலாம்னுதான். முட்டையெல்லாம் வெச்சு முடிஞ்சிருக்கும். சாக்க விரி."

சாக்கில் விழும் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. இருபத்தாறு முறை. பதில் சொல்கிறவர் வெள்ளிங்கிரி அண்ணன்.

பதினான்கு தடவை ஓட்டிக் கேட்டேன். பிறகு துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி நனைத்துத் துவைத்தேன் என்று காயப்போடும்போதுதான் தெரிந்தது.

ஜூன் 26, வியாழன்

காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சரசக்கா குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"தவளை புடிக்கறீங்களாண்ணா?"

அவர் சரசக்காவைப் பார்த்தார். சரசக்கா சாம்பல் கையோடு எழுந்து வந்தார்.

"ஏனுங்க தம்பி, அம்மணி உங்ககிட்டச் சொல்லவேயில்லீங்களா?"

அவர்கள் சொன்னதை என்னால் முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன். இந்த ஊரில் நான்கு குடும்பங்கள் வெகுகாலமாக மழைக்குத் தவளை பிடிக்கின்றன. எல்லை தாண்டி இருக்கும் கள்ளுக்கடைகளில் கால் வறுவலுக்குப் போகிறது. போன வருடம் வினு முதலில் வந்து திட்டியிருக்கிறாள். ரேஞ்சரிடம் சொல்லுவேன் என்றிருக்கிறாள்.

"சொல்லுங்கன்னேன்" என்றார் வெள்ளிங்கிரி அண்ணன். "நாங்க நின்னுட்டா வெளியூருக்காரன் வருவானுங்க. அவன் முட்ட பாப்பானா, குஞ்சு பாப்பானா? வயலையே தொடச்சுட்டுப் போயிருவான். நாங்க இருந்தா அவன் உள்ள வரமாட்டானுங்க."

"மூணு நாளு யோசிச்சுச்சு அம்மணி" என்றார் சரசக்கா. "அப்பறம் வந்து இதே கட்டல்ல ஒக்காந்து, கல்லக்கா தின்னுட்டே ஒரு பேச்சு பேசுச்சு. முட்ட வெக்கற வயலுக்குச் செகப்பு கட்டுவேன். அதுல கால வெக்கக்கூடாது. மத்ததுல புடிச்சுக்குங்க, அளவா. ஒரேயடியா நிறுத்தச் சொன்னா நீங்களும் கேக்க மாட்டீங்க, நானும் பாக்க மாட்டேன்னுச்சு. நாங்க வெக்கலீங்க தம்பி. ஒருத்தருகூட."

"நான் நல்லா கத்தற எடத்துலதான் பச்சை கட்டுனேன்."

"ஆமாங்."

"கத்தாத எடத்துல செகப்பு."

"அதுதானுங்க எங்களுக்கும் வெளங்கல. ஒண்ணுமே இல்லாத வயலுக்கு எதுக்குச் செகப்புன்னு இவருகிட்டக் கேட்டேன். படிச்சவிங்க, ஒரு கணக்கு இருக்கும்னாரு."

எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டேன். மூன்று வயலிலும் சேர்த்து நூற்றைம்பது இருக்கும் என்றார் அண்ணன். "ஏழுல மட்டும் எறங்கலீங்க. பச்சதான் கட்டிருந்துச்சு. அங்க நின்னுதான் அம்மணி எங்கிட்டச் சத்தியம் வாங்குச்சு. மனசு வரல."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வினு என்னிடம் சொல்லவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போன ஜூலையில் ஒரு சாயங்காலம், "ரிப்பன் விஷயம் ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தாள். ஒரு காற்றாலையில் கியர்பாக்ஸ் சூடு ஏறிக்கொண்டிருந்தது. நான் போனில் அதைப் பார்த்தபடி "ம்" என்றேன். "ம்" வரை நினைவிருக்கிறது.

ஜூன் 28, சனி

போன வருட ஏழாம் வயல் பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். ஜூன் 21, இரவு எட்டு மணி.

"சொல்லுங்கண்ணா. இது ஓடிட்டிருக்கு."

"ஓடுதுங்களா? நிறுத்துங்க அம்மணி."

"இருக்கட்டும். இத நோட்டுல எழுத முடியாது. எழுதுனா எனக்கு வேலை போயிரும், உங்களுக்கும் வம்பு. எங்கயாவது ஒரு எடத்துல இருக்கணுமில்ல. அடுத்த வருசம் கேட்டா, நான் எப்பச் சொன்னேன்னு கேப்பீங்க."

"நானுங்களா? சாமி சத்தியமா மாட்டனுங்க."

சிரிக்கிறாள்.

"செகப்பு கட்டுன எடத்துல?"

"கால வெக்க மாட்டோமுங்க."

"எதுவரைக்கும்?"

"தலப்பெரட்டைக்குக் காலு மொளைக்கற வரைக்கும்."

"முழுசா. வாலு போற வரைக்கும்."

"அதெங்க போயி நாங்க வால அளந்துட்டு…"

"நான் வந்து சொல்றேன். நான் அவுத்தாத்தான் அவுத்தது."

நான்கு நிமிடம் பத்து நொடி. அதற்குப் பிறகு ஒரு தவளை தொடங்குகிறது, பிறகு எல்லாம். அவள் இன்னும் பேசுகிறாள், ஆனால் வார்த்தை பிரியவில்லை. ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். அவள் குரலும் தவளைச் சத்தமும் ஒரே அலைவரிசையில் விழுகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் போகிறது.

ஜூலை 1, செவ்வாய்

ஜோசப் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தேதி என்று கேட்டார். பிறகு, "அந்த ராத்திரி ஃபைல எடுத்துடுங்க" என்றார்.

"ஒரு ராத்திரிய எடுத்தா ஏழாம் எடத்துக் கணக்கே செல்லாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"அப்ப ஏழாம் எடத்தையே எடுத்துடுங்க மோகன். ஒரு ஆராய்ச்சியாளர் தவளை பிடிக்கறவங்களோட ஒப்பந்தம் போட்டாங்கன்னு வெளிய வந்தா வினோதினி பேரு போயிடும். இல்லாதவங்களால பதில் சொல்ல முடியாது. யோசிங்க."

யோசித்தேன். ஏழாம் வயலை எடுத்தால் இந்த வருடம் தவளை இருக்கும் வயல் ஒன்றுகூட அறிக்கையில் இருக்காது. காவலுக்கு ஆள் வராது. அதை வைத்தால் அவள் குரலும் அண்ணன் குரலும் வனத்துறைக்குப் போகும், சட்டப்படி அண்ணன் மாட்டுவார். வைத்தால் அவள் பெயர் கெடும். எடுத்தால் அவள் வேலை கெடும். இரண்டில் எது வினு என்று எனக்குத் தெரியவில்லை.

அரிசி வாங்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

வெளியூர் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்று பைக், ஆறு பேர். நேற்று பொழுது சாய்ந்ததும் ஐந்தாம் வயலில் இறங்கி மிச்சத்தையும் எடுத்திருக்கிறார்கள். வெள்ளிங்கிரி அண்ணன் போய் மறித்திருக்கிறார். தள்ளிவிட்டதில் வரப்புக் கல்லில் விழுந்து முழங்கை பிசகிவிட்டது. பச்சை கட்டியிருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று உங்கள் ஊர்க்காரனே கடையில் சொன்னானே என்று அவர்கள் சிரித்தார்களாம். நாளை மறுநாள் ஏழில் இறங்குவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

பச்சை ரிப்பன் நான்கையும் அறுத்துவிட்டேன். அறுத்துவிட்டால் மட்டும் அவர்களுக்கு வழி மறந்துபோகுமா என்று தெரியவில்லை.

ஏழில் நீர் தேங்கிய மூலையில் தலைப்பிரட்டைகள் கறுப்பாக மொய்க்கின்றன. உட்கார்ந்து பார்த்தேன். எதற்கும் கால் முளைக்கவில்லை.

ஜூலை 5, சனி

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் வயல் பதிவைப் போட்டேன், பிறகு வினுவின் அந்த நான்கு நிமிடத்தைப் போட்டேன். வினு சிரிக்கும் இடத்தில் சரசக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் அண்ணன், "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன்.

"ஏழு முட்டை வெக்கற வயலு, ஆளுங்க புடிக்கறாங்கங்கறதுக்கு இதுதான் சாட்சி, இத ரேஞ்சருகிட்டக் குடுத்தாத்தான் காவல் கெடைக்கும்ணா. குடுத்தா நீங்க மாட்டுவீங்க. நீங்க வேண்டாம்னா நான் குடுக்கல."

"எம் பேச்ச மட்டும் வெட்டிட்டுக் குடுக்க முடியாதுங்களா?"

"வெட்டுனா அவ யாருகிட்டப் பேசறான்னு இருக்காது."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரசக்காதான் பேசினார்.

"போயிச் சொல்லிப்போடுங்க. வந்து புடிச்சுட்டுப் போறதுக்கு நாமளாப் போறது மேலு. நாளைக்கு அந்த ஆறு பேரும் எறங்குனா அடுத்த வருசம் புடிக்கறதுக்கும் ஒண்ணுமிருக்காது, பாக்கறதுக்கும் ஒண்ணுமிருக்காது."

"நீ ஜெயிலுக்குப் போறியா?"

"நாந்தான் ஒங்கள அனுப்பறனே."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பிறகு நான் சொன்னேன், பச்சை கட்டியது நான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று. "அதத் தனியா வேற சொல்லோணுமாக்கும். அந்த மெசின்லதான் நானே சொல்லிருக்கறனே, வீட்டுக்காரரு கட்டுனதுன்னு" என்றார் அண்ணன்.

அப்போதே கிளம்பினோம். மூன்று பேர், மினி பஸ்.

ரேஞ்சர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பதிவை முழுதாகக் கேட்டார். ஜூன் 23 பதிவையும் கேட்டார். சாக்கில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தாறு என்று அவரே சொன்னார்.

"இதுல பேசறது யாரு?"

"நானுங்க" என்று அண்ணன் எழுந்து நின்றார்.

"பச்சை ரிப்பன் கட்டினது?"

"நான் மேடம்."

எழுதிக்கொண்டார். இன்று சாயங்காலமே ஏழாம் வயலுக்கு இரண்டு காவலர்கள் வருவார்கள் என்றார். அண்ணன் மேல் வழக்கு உண்டு, அதைத் தவிர்க்க முடியாது என்றார். ஆனால் அந்த ஆறு பேர் எந்த வரப்பு வழியாக வருவார்கள் என்று காவலர்களுக்குக் காட்ட அவரே கூட இருக்கட்டும் என்றார். அண்ணன் "செரிங்க" என்றார். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே "செரிங்க"தான்.

பிறகு ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார்.

"ஒப்பந்தம் பேசற அந்தப் பொண்ணோட வாக்குமூலம் வேணும். அவங்க மேலயும் கேள்வி வரும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க."

சரசக்கா தரையைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வரமாட்டாங்க மேடம்."

"ஏன், ஊர்ல இல்லீங்களா?"

கேஸ் ஏஜென்சியில் கேட்டபோது ஊரில் இல்லை என்றேன். பழைய வீட்டுப் பால்காரரிடமும் அப்படித்தான். சொன்னால் அவர்கள் அடுத்து எதுவும் கேட்பதில்லை. இப்போதும் அதுதான் வாயில் வந்தது. ஆனால் அவர் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தார்.

"இறந்துட்டாங்க. நவம்பர் பத்தொம்பது. எலிக்காய்ச்சல். இந்த வயல் தண்ணியிலதான் வந்துச்சு. காய்ச்சல்னு எனக்குப் போன் பண்ணினா. மாத்திரை போட்டுட்டுப் படுன்னேன். நாலு நாளும் அதையேதான் சொன்னேன்."

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்தார். சரசக்கா என் முதுகில் கை வைத்தார். கை கனமாக இருந்தது.

கொஞ்சம் கழித்து ரேஞ்சர் பேனாவை எடுத்து, இதையும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கை வேகத்துக்கு ஏற்றபடி, முதலிலிருந்து மெதுவாக மறுபடி சொன்னேன்.